சட்டைப்பையில் இருந்த பறவை

தைவானுக்கு வந்த முதல் வாரம், ஷின்சூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். நீல நிறத்தில் ஆயிரம் டாலர் நோட்டுகள் வந்தன. முன்பக்கம் நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓர் உலக உருண்டையைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பின்பக்கம் ஒரு மலை. மலைக்கு முன்னால் நீண்ட வாலோடு ஒரு பறவை. ஏதோ மயில் இனம் போல என்று நினைத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வாடகைக்கு, அரிசிக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஆறு வருடம் அந்தப் பறவையைத்தான் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். அது உயிரோடு இருக்கிற பறவை, வண்டி எடுத்துக்கொண்டு போனால் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரர்தான் ஒருநாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பறவையைப் பார்க்க என் அப்பா போன மாதம் தாஷுவேஷான் மலைக்குப் போனார். மூன்று நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் வந்தது." சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகுதான் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் இதற்கு மிகாடோ ஃபெசன்ட் என்று பெயர். இங்குள்ளவர்கள் சுருக்கமாக 'தீ-ஜி' என்கிறார்கள். 'தீ' என்றால் பேரரசர், 'ஜி' என்றால் ஃபெசன்ட். புத்தகப் பெயர் இன்னும் நேராக இருக்கிறது: கறுப்பு நெடுவால் ஃபெசன்ட். ஃபெசன்ட் என்ற சொல்லுக்குத் தமிழில் எல்லோர் வாயிலும் புழங்குகிற ஒரு பெயர் இல்லை. தமிழ்நாட்டுக் காடுகளில் அந்தப் பறவை இல்லாததால் பெயருக்குத் தேவை வரவில்லை. ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம்மிடம் உண்டு. மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை எல்லாம் இதே குடும்பம். ஊட்டிக்குப் போகும் வழியில் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று சாலையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பறவையின் நடையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதே தயக்கம், அதே கழுத்து நீட்டல், பிறகு ஒரே ஓட்டம்.

இந்தப் பறவை வெளியுலகத்துக்குத் தெரிய வந்த கதை இரண்டு இறகுகளில் தொடங்குகிறது. 1906இல் வால்டர் குட்ஃபெல்லோ என்ற ஆங்கிலேயப் பறவை சேகரிப்பாளர் தைவானின் அலிஷான் மலைப்பகுதியில் இருந்தார். அங்கே மலைக்குடி மனிதர் ஒருவரின் தலையணியில் இரண்டு நீண்ட வாலிறகுகள் செருகியிருந்தன. கரிய இறகு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். தனக்குத் தெரிந்த எந்தப் பறவையின் இறகும் அல்ல என்று குட்ஃபெல்லோவுக்குப் புரிந்துவிட்டது. அந்த இறகுகள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த பறவையியலாளர் ஓகில்வி-கிராண்ட் முழுப் பறவையைப் பார்க்காமலேயே, அந்த இரண்டு இறகுகளை வைத்து அதே ஆண்டு அதற்குப் பெயர் வைத்தார். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அதனால் ஜப்பானியப் பேரரசரைக் குறிக்கும் 'மிகாடோ' என்ற சொல் பறவையின் மேல் போய் உட்கார்ந்தது.

எனக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தம் உண்டு. சேகரித்தவர் பெயர் இருக்கிறது, பெயர் சூட்டியவர் பெயர் இருக்கிறது, பேரரசரின் பட்டமும் இருக்கிறது. இறகைத் தலையில் அணிந்திருந்தவரின் பெயரைக் காணோம். அந்தப் பறவை எந்தச் சரிவில் எந்த நேரத்தில் இறங்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்த ஆள் அவராகத்தானே இருந்திருப்பார்?

அதற்கு முன்பே தைவான் பறவைகளை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் ராபர்ட் ஸ்வின்ஹோ. 1836இல் நம் கல்கத்தாவில் பிறந்தவர், 1860களில் இங்கே பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. தைவானின் இன்னொரு ஃபெசன்ட் அவர் பெயரால்தான் ஸ்வின்ஹோ ஃபெசன்ட் என்று அழைக்கப்படுகிறது. வெள்ளை முதுகும் சிவப்புக் கால்களும் உள்ள அது கீழ்மலைப் பறவை. மிகாடோ அதற்கு மேலே, மேகத்துக்குள் இருக்கிறது. ஸ்வின்ஹோவுக்குத் தெரியாமல் அது இன்னும் நாற்பது வருடம் அங்கேயே இருந்திருக்கிறது.

1906இல் அலிஷானில் இன்னொன்றும் நடந்தது. அங்கிருந்த பெரிய மரங்களைக் கீழே இறக்க ரயில் பாதை போடும் வேலை அந்த ஆண்டுதான் தொடங்கியது. தைவான் செஞ்சைப்ரஸ் மரங்கள், பல ஆயிரம் வயதுடையவையும் அதில் உண்டு. 1912இல் ரயில் ஓடத் தொடங்கியது. பறவையின் இறகு மலையை விட்டு இறங்கிய அதே வருடம், மரத்தை இறக்குகிற பாதை மலையில் ஏறத் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் வேறு வேறு இடங்களில் படித்தேன். ஆண்டு ஒன்று என்று உறைத்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இந்தப் பறவை வாழும் இடத்தைச் சொல்லாமல் பறவையைச் சொல்லவே முடியாது. தைவான் கேரளத்தைவிடச் சற்றே சிறிய தீவு. அந்தச் சின்ன இடத்துக்குள் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 260க்கு மேல் இருக்கின்றன. நோட்டில் பறவைக்குப் பின்னால் தெரிகிற யூஷான் மலை 3,952 மீட்டர். நம் ஆனைமுடி 2,695. கடற்கரையில் வியர்த்துக்கொண்டு கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் பல் கிட்டிக்கும் குளிரில் நிற்கலாம். கீழிருந்து ஏறி வரும் ஈரக்காற்று, ஏறத்தாழ 1,500இலிருந்து 2,500 மீட்டர் வரையுள்ள மலைப்பட்டையில் மேகமாகத் தேங்கி நிற்கும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் அங்கே மூடுபனிதான். மழை பெய்யாத நாளிலும் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். கிளைகளில் பாசி, பாசியில் சிறு பெரணிகள், அடியில் ரோடோடென்ட்ரான் புதர், குட்டை மூங்கில். நீலகிரியின் சோலைக்குள் ஜூலை மாதம் நின்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

மிகாடோவின் வீடு இந்த மேகப்பட்டையும் அதற்குச் சற்று மேலே உள்ள காடும்தான். ஏறத்தாழ 1,600 மீட்டரிலிருந்து 3,300 மீட்டர் வரை அதைப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் இந்தத் தீவின் நடு மலைகளைத் தவிர வேறு எங்கும் காட்டில் அது இல்லை.

நெடுவால் ஃபெசன்ட் என்று ஒரு பேரினமே உண்டு, சிர்மாட்டிகஸ் என்பார்கள். அதில் ஐந்தே இனங்கள். சீனாவின் ரீவ்ஸ் ஃபெசன்ட்டுக்குத்தான் மிக நீளமான வால். பீக்கிங் ஓபராவில் தளபதி வேடக்காரர்கள் தலையிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து ஆடுகிறதே, அந்த இறகு அதனுடையது. எலியட் ஃபெசன்ட்டும் சீனாவில்தான். ஜப்பானில் செம்பு நிறத்தில் ஒன்று. நான்காவது நம் நாட்டில் இருக்கிறது. ஹ்யூம் ஃபெசன்ட், மணிப்பூரின் மாநிலப் பறவை, அங்கே நோங்யின் என்பார்கள். மியான்மர், தாய்லாந்து, தென்மேற்குச் சீனம் வரை அது உண்டு. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹ்யூம் பெரிய பறவை ஆய்வாளரும்கூட. அவர்தான் அதை விவரித்து, தன் மனைவியின் பெயரை வைத்தார். ஐந்தாவது மிகாடோ. பனியுகங்களில் கடல் தாழ்ந்தபோது தைவான் சீனப் பெருநிலத்தோடு சேர்ந்திருந்தது. அப்போது நடந்து வந்த ஒரு முன்னோர் கூட்டம், கடல் ஏறிய பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் மலைமேல் தங்கி இந்தப் பறவையாகிவிட்டது.

சரி, நான் போன கதைக்கு வருகிறேன்.

முதல் முறை போனது மே மாதம். தைசோங்கில் வேலை பார்க்கும் தேனிக்காரத் தம்பி ஒருவன் கார் வைத்திருந்தான். டோங்ஷி என்ற ஹக்கா மக்களின் ஊரில் தொடங்கும் வனச்சாலை தாஷுவேஷான் வரை ஐம்பது கிலோமீட்டர் ஏறுகிறது. 'பெரும்பனி மலை' என்று அர்த்தம். பறவை பார்க்கிறவர்கள் இந்தச் சாலையில் இடங்களுக்குப் பெயர் வைக்கவில்லை, கிலோமீட்டர் கல்லைத்தான் சொல்வார்கள். 23 கே என்றால் ஸ்வின்ஹோ. 47 கே என்றால் மிகாடோ. அவ்வளவுதான் முகவரி.

23 கேவில் நாங்கள் பார்த்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. வளைவை ஒட்டி ஏழெட்டு பேர் கேமரா முக்காலியோடு நின்றார்கள். ஒருவர் காரிலிருந்து மக்காச்சோளத்தை அள்ளிச் சாலை ஓரத்தில் தூவிவிட்டு வந்து தன் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்வின்ஹோ பெட்டை ஒன்று புதரிலிருந்து வந்து, சோளத்தைக் கொத்திக்கொண்டே சாலையின் நடுவுக்கு நகர்ந்தது. அப்போது மேலிருந்து ஒரு வண்டி இறங்கியது. பறவை ஓடவில்லை. இத்தனை மனிதர்களும் வண்டிகளும் சோளம் கொடுக்கிற இடம் என்று அதற்குப் பழகிப்போய்விட்டது. ஓட்டுநர் பிரேக் போட்டார், சக்கரத்துக்கும் பறவைக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். என் வாயிலிருந்து "ஏய்" என்று தமிழில்தான் சத்தம் வந்தது. தூவியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பறவையைக் கலைத்துவிட்டேன் என்ற கோபத்தில்.

உணவு போடக்கூடாது என்று அங்கே பலகை இருக்கிறது. 2011இலிருந்து தைவானில், சாலையில் அடிபட்டுச் சாகும் உயிர்களைப் படமெடுத்து இடத்தோடு பதிவு செய்கிற மக்கள் குழு ஒன்று இயங்குகிறது. நண்டு முதல் சிறுத்தைப்பூனை வரை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அவ்வளவு அக்கறையுள்ள நாட்டில், ஒரு படத்துக்காக ஒரு கைப்பிடிச் சோளம். அன்று மேலே 47 கேவுக்குப் போனோம். 'மெய்-யூ' என்கிற பிளம்பழ மழைக்காலம் அது, சாலையே தெரியாத மழை. இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

"அண்ணே, அடுத்த தடவை மேலயே தங்கிடுவோம்" என்றான் தம்பி, இறங்கும்போது.

நவம்பரில் அப்படியே செய்தோம். 43 கேவில் ஆன்மாஷான் என்ற இடத்தில் வனத்துறையின் மரவீடுகள் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிட்டது. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, பிளாஸ்கில் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். 47 கே ஏறத்தாழ நம் தொட்டபெட்டா உயரம்தான். ஆனால் தொட்டபெட்டாவுக்குப் போகும்போது நாம் பார்ப்பது யூகலிப்டஸும் சீகையும் தேயிலையும். இங்கே அந்த நேரத்தில் வண்டி விளக்கில் தெரிந்ததெல்லாம் காடு. நடுநடுவே ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக ஜப்பானிய சீடர் மரங்கள் வரும். வெட்டின இடத்தில் நட்டவை. அந்த வரிசைகளுக்கு அடியில் புல்கூட அவ்வளவாக இல்லை, இருட்டுதான். நீலகிரியில் சீகைத் தோப்புக்குள் நுழைந்ததும் பறவைச் சத்தம் நின்றுபோகுமே, அதே மாதிரி.

47 கேவில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். எழுபது வயது இருக்கும். ஒரு மடக்கு நாற்காலி, கம்பளித் தொப்பி, கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர். கேமரா இல்லை. எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைக் கீழே அழுத்திக் காட்டினார், விளக்கை அணை என்று. இங்கே மூத்தவர்களை 'தாகே' என்று கூப்பிடலாம், அண்ணன் என்று பொருள். அவர் ஒரு காலத்தில் இந்த மலையில் மர வேலைக்கு வந்தவர் என்று பிறகு சொன்னார்.

அந்தச் சாலையே மரத்துக்காக வெட்டியதுதான். 1958இல் தாஷுவேஷான் வனத் தொழில் நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கி, இந்த மலையின் மரங்களை லாரி லாரியாக டோங்ஷிக்கு இறக்கினார்கள். அங்கே மரக்கட்டைகளை ஊறப்போட்ட பெரிய குளம் இன்னும் இருக்கிறது, இப்போது ஜனங்கள் அதைச் சுற்றி நடக்கப் போகிறார்கள். 1973இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 1989இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தைவான் முழுக்க நிறுத்தினார்கள். பறவை பிழைத்ததற்கு நான் முதல் காரணமாகச் சொல்வது இதைத்தான். பிடித்து வளர்த்ததும், சட்டைப்பையில் படமாக வைத்ததும் அப்புறம்தான். வெட்டுவதை நிறுத்தினார்கள், புதர் மீண்டது, பறவை இறங்கி வந்தது.

"நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் இதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன்" என்றார் தாகே. "அதுவும் கண்ணியில்."

வேறொன்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் காருக்குள்ளேயே இருந்தோம், கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு.

ஐந்தே முக்காலுக்கு வெளுக்கத் தொடங்கியது. முதலில் வந்தவை சிரிப்பான்கள். நம் நீலகிரிச் சிரிப்பானின் உறவு, வெள்ளை மீசை வைத்த மாதிரி முகம். கொஞ்சமும் பயமில்லாமல் காரின் சக்கரத்தடியில் புகுந்து புகுந்து தேடின. ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் எதிர்ச் சரிவு போனது, பிறகு சாலையின் வளைவு, பிறகு கிலோமீட்டர் கல். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. தாகே மட்டும் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார். 'மூடுபனியின் அரசன்' என்று இந்தப் பறவைக்கு இங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. பனி இறங்கினால்தான் வெளியே வரும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். மேலிருந்து பார்க்கும் மலைக் கழுகுக்கு அப்போது தெரியாது, புழு பூச்சியும் ஈரத்தில் வெளியே வரும் என்று காரணம் சொல்கிறார்கள்.

முதலில் வந்தது பெட்டை. வந்தது என்று சொல்வதைவிட, அங்கேயே இருந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சாலையோரச் சரிவில் பழுப்பாக இருந்த ஒரு கல் ஓர் அடி நகர்ந்தது. பைனாகுலரைத் திருப்பினால், உடல் முழுக்கப் பழுப்பு, மார்பில் அம்பு முனை மாதிரி சின்னச் சின்ன வெள்ளைக் குறிகள். காய்ந்த இலைமேல் விழுந்த வெயில் பொட்டுகள் போலவே இருந்தது. முட்டையில் உட்கார்ந்திருக்கும்போது மிதிக்கிற தூரம் வரை போனாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. வசந்த காலத்தில், விழுந்த மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ கொஞ்சம் இலைச் சருகைக் கூட்டி முட்டையிடும். அடைகாப்பது அதன் வேலை மட்டும்தான். நான்கு வாரம் பிடிக்கும். குஞ்சுகள் பொரிந்த சீக்கிரத்திலேயே தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும், நம் வீட்டுக் கோழிக்குஞ்சுகள் மாதிரியே.

அது பாசியை இழுத்தது. ஒரு பெரணிக் கொழுந்தைப் பிய்த்துத் தின்றது. பிறகு தலையைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்று, எதையோ கேட்டது.

சேவல் சாலையின் மறுபக்கத்திலிருந்து வந்தது. சத்தமே இல்லை. மயில் மாதிரி அகவுகிற பழக்கம் இதற்குக் கிடையாது. ஏதாவது ஆபத்து என்றால் அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுக்கும், மற்றபடி பெரும்பாலும் ஊமை. பனிக்குள் முதலில் தெரிந்தது முகத்தின் சிவப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தோல். அடுத்து இறக்கையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. உடம்பு கறுப்பாகத்தான் இருந்தது, காக்கைக் கறுப்பு. ஏமாற்றமாகக்கூட இருந்தது, நோட்டின் நீலம் எங்கே என்று.

ஆறேழு அடி முன்னால் வந்து பக்கவாட்டில் திரும்பியது. பனிக்குள் எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் திரும்பலில் கழுத்திலிருந்து மார்பு வரை நீலம் ஓடியது. கத்தரிப்பூவில் தொடங்கி மயில் நீலம் வரை போய், அடுத்த அடியில் மறுபடி கறுப்பு. அந்த நீலம் சாயம் இல்லை. இறகின் நுண்ணிழைகளில் நுண்ணிய கருமணிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, வெளிச்சம் அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் கோணத்தைப் பொறுத்து நிறம் வரும், போகும். மயில் கழுத்தில் நடப்பதும் இதேதான். மயில் வெயிலில் நின்று காட்டும். இது பனிக்குள் நடந்துகொண்டே காட்டுகிறது. ஒவ்வொரு நீல இறகின் விளிம்பும் செதில் போல எடுப்பாகத் தெரிந்தது. முதுகில் பனித்துளிகள் உருண்டு நின்றன, நனையவில்லை.

பிறகு வால். அரை மீட்டருக்குக் குறையாது. கரிய வால், குறுக்கே வெள்ளைக் கோடுகள், கம்பளிக் கரை போல. தரையில் இழுபடாமல், ஒரு விரல் உயரம் தூக்கியே நடந்தது. ஈரப் புல் வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. வேட்டி நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடக்கிற பெரியவர் நினைவுக்கு வந்தார். என் தாத்தா வயலுக்கு அப்படித்தான் போவார்.

தம்பி மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். கையில் இருந்த போனை அவன் தூக்கவேயில்லை.

எத்தனை நேரம் இருந்தது? பத்து நிமிடம் இருக்கலாம். சாலையின் ஓரத்தில் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கியது. அரைவைப் பையில் கல் வேண்டும், பல் இல்லாத உயிர்களுக்கு அதுதான் அம்மி. வனச்சாலையின் ஓரம் இதற்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்: பொடிக்கல், புல், ஈரம், வெட்டவெளி. மரத்தை இறக்கப் போட்ட சாலையில் இன்று அது காலை நடை போகிறது. நமக்கு அது கண்ணில் படுகிறது என்றால் இந்தச் சாலையால்தான். வண்டியில் அடிபட வாய்ப்பு இருப்பதும் இதே சாலையில்தான்.

காட்டில் இன்று மொத்தம் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது உண்டு. பெரும் பங்கு 1985இல் அமைத்த யூஷான் தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய காடுகளிலும் பத்திரமாக இருக்கிறது. கண்ணி வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் எனக்குக் கவலை அந்த மேகத்தைப் பற்றித்தான். வெப்பம் கூடினால் மேகப்பட்டை மேலே ஏறும், பறவையும் கூடவே ஏறும். மலையோ மேலே போகப் போக ஒடுங்குகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஃபிர் என்ற ஊசியிலை மரமும் குட்டை மூங்கில் வெளியும்தான், பிறகு பாறை. நீலகிரிச் சிரிப்பானுக்கும் இதே கணக்குத்தான். தொட்டபெட்டாவுக்கு மேலே நீலகிரியில் போக இடம் ஏது?

கீழிருந்து ஒரு வேனின் சத்தம் கேட்டது. தாகே எழுந்து சாலையின் நடுவில் போய் நின்றார். இரண்டு கைகளையும் விரித்து, மெல்ல, கீழே அழுத்திக் காட்டினார், எங்களுக்குக் காட்டிய அதே சைகை. வேன் நின்றது. விளக்கு அணைந்தது, எஞ்சினும் அணைந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணாடியில் முகங்களை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு குழந்தை எதையோ சொல்ல, ஆசிரியை போலிருந்தவர் அதன் வாயை மூடினார்.

பெட்டை முதலில் புதருக்குள் போனது. சேவல் சாலையின் விளிம்பில் நின்று ஒரு தடவை வேன் பக்கம் பார்த்தது. அப்புறம் சரிவில் இறங்கியது. தலை மறைந்தது, முதுகு மறைந்தது, வால் மட்டும் கொஞ்ச நேரம் மூங்கில் குத்துகளுக்கு நடுவே தெரிந்தது. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

தாகே சாலையை விட்டு விலகி வேனுக்கு வழிவிட்டார். எங்களிடம் வந்தபோது பிளாஸ்கைத் திறந்து அவருக்குச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சியா?" என்று கேட்டார். ஆமாம், காய்ந்த இஞ்சி என்றேன். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, பறவை இறங்கிப்போன இடத்தையே பார்த்தபடி முழுசாகக் குடித்து முடித்தார்.